பூட் ஆர்டரை அப்படியே விடுங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதிலிருந்து சொந்தபந்தத்தில் எனக்கு மவுசு கூடிவிட்டது. விண்டோஸ் 11 ஏறாது என்று ஒதுக்கிவைத்த லேப்டாப்களெல்லாம் பீரோவிலிருந்து வெளியே வருகின்றன. "அந்த லினக்ஸ் போட்டா ஓடும்னியே, போட்டுக் குடு" என்கிறார்கள். ஓடத்தான் செய்யும். லினக்ஸும் விண்டோஸ் மாதிரி ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான், இலவசம். 4 ஜிபி ராம் இருந்தால் அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டுக்குப் போதும். இன்ஸ்டால் செய்வதும் சுலபம். அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். ஆட்கள் மாட்டிக்கொள்வது அதற்கு முந்தைய படியில். கையில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் இருக்கிறது, மெஷினில் சொருகியாயிற்று, ஆனால் ஆன் செய்தால் மறுபடி மறுபடி விண்டோஸே வந்து நிற்கிறது.

இதற்கு யூட்யூபில் தேடினால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான். பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) போ, பூட் டேபுக்குப் போ, யூஎஸ்பியை முதலிடத்துக்கு ஏற்று, எஃப்10 தட்டிச் சேமி. வேலை நடக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை முடிந்ததும் அந்த யூஎஸ்பியைக் கீழே இறக்குங்கள் என்று சொல்கிறவர்கள் அபூர்வம். ஒருநாள் வந்து தங்கப்போகும் விருந்தாளிக்காகத் தெருக்கதவின் பூட்டையே கழற்றி வைக்கிற கதை இது. என் கட்சி என்னவென்றால், வீட்டுக் கணினியில் பூட் ஆர்டரை, அதாவது எதிலிருந்து கிளம்புவது என்ற வரிசையை, மாற்ற வேண்டிய அவசியம் அநேகமாக வருவதே இல்லை. வேண்டியதெல்லாம் 'இந்த ஒருமுறை மட்டும் இதிலிருந்து கிளம்பு' என்று சொல்வது. அதற்கு, ஆன் செய்த கையோடு ஒரு கீயைத் தட்டினால் வரும் பூட் மெனு மாதிரி, தனி வழி இருக்கிறது, ரொம்ப நாளாகவே இருக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப்பில் உள்ள ஃபர்ம்வேர் என்ற நிரல். பழைய மெஷின்களில் அதன் பெயர் பயாஸ், இப்போது வருபவற்றில் யூஈஎஃப்ஐ. எல்லோரும் இன்னமும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். ராம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தேடக் கிளம்பும். எங்கெங்கே, எதற்கு அப்புறம் எதில் தேடுவது என்பதுதான் பூட் ஆர்டர். வரிசையில் முதலில் அகப்படுகிறவரிடம் மெஷினின் முழுக் கட்டுப்பாட்டையும் ஒப்படைத்துவிட்டு ஃபர்ம்வேர் ஒதுங்கிக்கொள்ளும். பழைய பயாஸ் அவரை யார் எவர் என்று விசாரித்ததே கிடையாது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டை, அதாவது பூட் செக்டரை, படிக்கும். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால் சரி, ஓடு என்று விட்டுவிடும். அவ்வளவுதான் சோதனை.

1981இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் பிசியில் இந்த வரிசை ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டிருந்தது. முதலில் ஃப்ளாப்பி (சொருகி எடுக்கும் பழைய காலத்து டிஸ்க்). அதில் ஒன்றும் இல்லாவிட்டால் சிப்பிலேயே இருக்கும் பேசிக் மொழிக்குள் போய் நிற்கும். 1983இல் எக்ஸ்டி மாடலோடு ஹார்ட் டிஸ்க் வந்தது. அப்போதும் ஃப்ளாப்பிதான் முதலில். அதில் ஒரு நியாயம் இருந்தது: ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற சிஸ்டம் பழுதானால் ஃப்ளாப்பியைப் போட்டுக் கிளப்பிச் சரிசெய்துகொள்ளலாம்.

பூட் செக்டர் வைரஸ்கள் பிழைத்தது அந்த நியாயத்தை வைத்துத்தான். 1986இல் லாகூரில் கணினிக் கடை நடத்திவந்த பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்', ஃப்ளாப்பியின் முதல் செக்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. கடை முகவரியையும் ஃபோன் நம்பரையும் வைரஸுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள் (இந்தக் காலத்து ஆட்களிடம் எதிர்பார்க்க முடியாத நேர்மை). அடுத்து நியூசிலாந்திலிருந்து வந்த 'ஸ்டோன்ட்' ஹார்ட் டிஸ்க்குக்கும் தாவியது. அதன் வழிவந்த 'மைக்கலாஞ்சலோ', மார்ச் 6ஆம் தேதி மெஷினை ஆன் செய்தால் டிஸ்க்கில் குப்பையை எழுதிவிடும். 1992இல் அந்தத் தேதி நெருங்கியபோது உலகப் பத்திரிகைகளில் பெரிய பீதியே கிளம்பியது.

இவை பரவிய விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வைரஸ் ஏறிய ஃப்ளாப்பியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்க வேண்டும் என்பதே இல்லை. வெறும் கடிதங்களைச் சேமித்த ஃப்ளாப்பியை மாலையில் டிரைவிலேயே மறந்துவிட்டுப் போவார்கள். காலையில் ஆன் செய்ததும் 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று திரையில் வரும். அடடா என்று ஃப்ளாப்பியை உருவிவிட்டு ஒரு கீயைத் தட்டுவார்கள், மெஷின் வழக்கம்போல் கிளம்பும். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பு. ஆனால் அந்த வாசகத்தைத் திரையில் காட்டியதே ஃப்ளாப்பியின் முதல் செக்டரில் இருந்த நிரல்தான். அது ஓடாமல் வாசகம் வந்திருக்காது. வைரஸ் அதற்கு முன்பே ஓடி முடித்திருக்கும். பின்னால் வந்த பயாஸ்களில் 'ஏ, சி' (ஃப்ளாப்பி, ஹார்ட் டிஸ்க்) என்ற வரிசையை 'சி, ஏ' என்று திருப்பிவைக்கும் வசதி வந்தபோது, விஷயம் தெரிந்தவர்கள் முதல் வேலையாக அதைத்தான் செய்தார்கள்.

அப்புறம் சிடி காலம். சிடியிலிருந்து பூட் செய்வதற்கான விதிமுறையை ஃபீனிக்ஸ், ஐபிஎம் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1995இல் வெளியிட்டன. அதற்கு 'எல் டொரிட்டோ' என்று ஒரு மெக்சிகன் உணவகத்தின் பெயர். விண்டோஸ் எக்ஸ்பி போட்டுப் பழகியவர்களுக்கு 'சிடியிலிருந்து பூட் செய்ய ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள்' என்ற ஆங்கில வரி ஞாபகம் இருக்கும், கூடவே ஒவ்வொன்றாக நீளும் புள்ளிகளும். சில நொடிகள் காத்திருக்கும். யாரும் எதையும் தட்டாவிட்டால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும். சிடியை முதலிடத்தில் வைத்திருக்கும் மெஷினில் எக்ஸ்பி பாதி ஏறியதும் ரீஸ்டார்ட் ஆகும். கேட்காமல் மறுபடியும் சிடியிலிருந்தே கிளம்பினால் இன்ஸ்டாலேஷன் முதலிலிருந்து ஆரம்பிக்கும், காலத்துக்கும் முடியாது. அதற்காகத்தான் அந்தக் கேள்வி. கேள்வியைப் பார்த்ததும் ஒவ்வொரு முறையும் கடமையாகக் கீயைத் தட்டிவிட்டு, ஏன் திரும்பத் திரும்ப இன்ஸ்டாலேஷனின் முதல் நீலத் திரையே வருகிறது என்று உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். வரிசையை நிரந்தரமாக மாற்றிவைப்பது தொல்லை என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

யூஈஎஃப்ஐ வந்தபோது அடிப்படையே மாறிவிட்டது. பலர் இதைக் கவனிப்பதில்லை. பழைய பயாஸில் இருந்தது கருவிகளின் பட்டியல்: ஃப்ளாப்பி, சிடி, ஹார்ட் டிஸ்க். யூஈஎஃப்ஐயில் இருப்பது பதிவுகளின் பட்டியல். ஒவ்வொரு பதிவிலும் எந்தப் பார்ட்டிஷன், அதில் எந்த ஃபோல்டர், எந்த ஃபைல் என்று முழு விலாசம் இருக்கும். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று பயாஸில் பார்க்கிறோமே, அது டிஸ்க்கின் பெயர் இல்லை, ஒரு ஃபைலுக்கான வழி. பட்டியல் மதர்போர்டில் இருக்கிறது, ஃபைல் டிஸ்க்கில் இருக்கிறது. அதனால்தான் ஒரு மெஷினின் எஸ்எஸ்டியைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் சில சமயம் எஸ்எஸ்டி பயாஸில் தெரியும், ஆனால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். புது மதர்போர்டில் அந்தப் பதிவு இல்லை. அங்கே பூட் ஆர்டரை எத்தனை விதமாக மாற்றினாலும் பலன் கிடையாது.

இதே யூஈஎஃப்ஐயில் 'பூட்நெக்ஸ்ட்' என்று ஒரு மதிப்பு இருக்கிறது. அடுத்த முறை எந்தப் பதிவிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதை அதில் எழுதலாம். ஃபர்ம்வேர் அதைப் படித்ததும், சிஸ்டத்தைக் கிளப்புவதற்கு முன்பே, அழித்துவிடும். அதற்கடுத்த முறை பழைய வரிசைதான். நான் சொல்லும் 'இந்த ஒருமுறை மட்டும்' என்பதை விதிமுறை எழுதியவர்களே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான், கோவையில் ஹாஸ்டல். புது லேப்டாப், விண்டோஸ் 11. வகுப்புக்கு லினக்ஸ் வேண்டும் என்று ஏதோ வீடியோவைப் பார்த்து அவனே இறங்கிவிட்டான். ராத்திரி ஃபோன்.

"மாமா, எஃப்12 அடிச்சா ஒண்ணுமே வரல. அதான் பயாஸ்ல போய் மாத்தினேன். இப்ப 48 நம்பர் கேக்குது."

வீடியோவில் சொன்னபடி யூஎஸ்பியை மேலே ஏற்றியிருக்கிறான். கூடவே, கையொப்பம் இல்லாத பூட் ஃபைலைக் கிளம்பவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட்டையும் அணைத்திருக்கிறான். பென்டிரைவை எடுத்துவிட்டு ஆன் செய்தால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் நீலத் திரையில் மீட்பு எண்ணைக் கேட்கிறது. 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கட்டங்கள். டிஸ்க்கைப் பூட்டிய சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. மெஷின் கிளம்பும் விதம் வழக்கமாக இருந்தால்தான் அது சாவியை வெளியே கொடுக்கும். செக்யூர் பூட் போய்விட்டது என்றதும் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று அது சாவியை இறுக்கிக்கொண்டது. சிப்பின் மேல் தப்பே இல்லை, கைவைத்தது உண்மைதானே. மீட்புத் திரை வருவதற்கான காரணங்கள் என்று மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில், பூட் ஆர்டரில் ஹார்ட் டிரைவுக்கு முன்னால் வேறு டிரைவை வைப்பதும் ஒன்று.

முதலில் எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பி வைக்கச் சொன்னேன். செக்யூர் பூட் மீண்டும் ஆன், விண்டோஸ் பூட் மேனேஜர் முதலிடம், எஃப்10. கேள்வி கேட்காமல் விண்டோஸ் வந்துவிட்டது. எண்ணைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கையோடு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்பு எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் செய்தேன். வீட்டு உபயோக விண்டோஸிலும் இப்போது டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) புது மெஷின்கள் பலவற்றில் தானாகவே ஆன் ஆகியிருக்கிறது. இருப்பதே பலருக்குத் தெரியாது, எண் கேட்கும்போதுதான் தெரியவருகிறது.

அடுத்து வாட்ஸ்ஆப் வீடியோ காலில் வரச்சொன்னேன். விண்டோஸிலேயே பவர் பட்டனைத் திறந்து, ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட்டை அழுத்து என்றேன். நீலத்தில் நான்கைந்து கட்டங்களோடு ஒரு திரை வந்தது. அதில் 'யூஸ் எ டிவைஸ்'. அதற்குள் போனால் யூஎஸ்பி என்று ஒரு வரி. தொட்டான். மெஷின் அணைந்து, பென்டிரைவின் விளக்கு மினுக்கி, கொஞ்ச நேரத்தில் மின்ட்டின் லோகோ.

"இவ்ளோதானா மாமா?"

இவ்வளவுதான். பயாஸ் பக்கமே போகவில்லை. மின்ட், உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் பூட் ஃபைலில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் உண்டு, அதனால் செக்யூர் பூட் ஆன் ஆகவே இருக்கலாம். லினக்ஸ் என்றாலே செக்யூர் பூட்டை அணை என்பது பழைய கால அறிவுரை, இன்னும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவனை பென்டிரைவிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா. அவன் விடுமுறைக்கு வந்தபோது டிவைஸ் என்கிரிப்ஷனை முறையாக அணைத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இடம் ஒதுக்கி, அப்புறம்தான் இன்ஸ்டால் செய்தோம்.

எஃப்12 அடித்தும் அந்த பூட் மெனு ஏன் வரவில்லை? எல்லா மெஷினுக்கும் எஃப்12 கிடையாது. டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். எம்எஸ்ஐ மதர்போர்டுகளில் எஃப்11. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அந்த மெனுவே அணைக்கப்பட்டிருக்கும். எஃப்2 வழியாக உள்ளே போய் ஆன் செய்ய வேண்டும். லெனோவோவின் சில மாடல்களில் பக்கவாட்டில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதைக் குத்தினால் மெனு. இதுபோக மேல்வரிசைக் கீகள் ஒலி, வெளிச்சம் என்று மாறிவிட்ட லேப்டாப்பில் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். லோகோ வந்தபிறகு நிதானமாக அழுத்தினால் வண்டி போய்விட்டது என்று அர்த்தம். பவர் பட்டனை அழுத்திய கையோடு தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையும் ஒத்துவராவிட்டால் ஷிஃப்ட் ரீஸ்டார்ட் இருக்கவே இருக்கிறது.

மெனு வந்ததும் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பழைய மெஷின்களில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்றில் வெறும் பென்டிரைவின் பெயர். யூஈஎஃப்ஐ என்று இருப்பதையே எடுங்கள். மற்றது பழைய பயாஸ் முறையில் கிளம்பும். அப்படிக் கிளம்பி விண்டோஸ் போட முயன்றால், டிஸ்க் ஜிபிடி முறையில் (யூஈஎஃப்ஐக்கான பார்ட்டிஷன் அமைப்பு) இருக்கிறது, இதில் ஏற்ற முடியாது என்று மறுக்கும். லினக்ஸ் மறுக்காமல் ஏறிவிடும், அது இன்னும் மோசம். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் ஒரு முறையிலும் புது லினக்ஸ் இன்னொரு முறையிலும் இருந்தால் இரண்டையும் ஒரே மெனுவில் கொண்டுவர முடியாமல் அல்லாட வேண்டும்.

வரிசையை மாற்றியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. இரண்டு சிஸ்டம் இருக்கும் மெஷினில் எது வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் குரப் மெனு முதலில் வர வேண்டுமானால் அதன் பதிவு மேலே இருக்க வேண்டும். (தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க மெஷின்களில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எது வேண்டும் என்று கேட்கிற திரையை நம்மூரில் பல மாணவர்கள் முதலில் பார்த்தது அதில்தான். பெரும்பாலோர் விண்டோஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேறு கதை.) பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்துபோனால் சில சமயம் விண்டோஸ் பூட் மேனேஜர் தன்னை மேலே ஏற்றிக்கொள்ளும், லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பதறிப் பேசுவார்கள். அழியவில்லை, வரிசையில் கீழே போயிருக்கிறது. பயாஸில் மேலே நகர்த்தினால் போதும். லினக்ஸுக்குள்ளிருந்தே செய்ய இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை இருக்கிறது. பெயரிலேயே எம்ஜிஆர் இருப்பதால் நமக்கு மறக்காது.

இன்னொன்று, நாம் மாற்றாமலே வரிசை மாறிப்போகிற கேஸ். எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப் உண்டு. காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் நின்றுகொண்டு எஃப்1 கேட்கும். கடைக்கார அண்ணன் அதைத் தட்டியே பழகிவிட்டார். ஒருநாள் எஃப்1 தட்டியும் விண்டோஸ் வரவில்லை, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பயாஸில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. அதைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது. மதர்போர்டில் பொட்டு மாதிரி வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி, மூன்று வோல்ட், தீர்ந்திருந்தது. பழைய போர்டுகளில் மின்சாரத்தை நிறுத்தியதும் அமைப்புகள் எல்லாம் மறந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குப் போய்விடும். அதில் ஃப்ளாப்பி முதலிடம், டிரைவே இல்லாவிட்டாலும். ஹார்ட் டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து பழைய ஐடிஈக்கு மாறியிருந்தது, விண்டோஸ் நீலத் திரை காட்டி விழுந்ததற்கு அதுதான் காரணம். பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும். போட்டு, தேதியைச் சரிசெய்து, ஏஎச்சிஐ வைத்து, ஹார்ட் டிஸ்க்கை முதலில் வைத்தேன். கிளம்பிவிட்டது.

அதே கடையில், வாடிக்கையாளர் யாரோ பிரின்ட் எடுக்கக் கொடுத்த பென்டிரைவ் பின்பக்கம் அப்படியே சொருகியிருக்கும். யூஎஸ்பி முதலிடத்தில் இருக்கும் மெஷினாக இருந்தால் காலையில் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்று நின்றுவிடும். ஃப்ளாப்பி காலத்துச் சங்கதியேதான், வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, "பின்னாடி ஏதாவது சொருகியிருக்கா?"

கடை, அலுவலகம், பள்ளி மாதிரி பலர் கைபடும் மெஷின் என்றால் ஹார்ட் டிஸ்க் முதலிடத்தில் இருப்பது மட்டும் போதாது, பயாஸுக்கு சூப்பர்வைசர் பாஸ்வேர்டும் போட வேண்டும். விண்டோஸ் பாஸ்வேர்டை நம்பி இருக்கக் கூடாது. பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினால், என்கிரிப்ஷன் இல்லாத டிஸ்க்கில் உள்ள ஃபைல்களெல்லாம் அப்படியே திறக்கும், பாஸ்வேர்டு என்ற பேச்சே எழாது. எஃப்12 மெனுவும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறதா என்று பாஸ்வேர்டு போட்டதும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சில மெஷின்களில் அதற்குத் தனி அமைப்பு இருக்கும். டிஸ்க்கையே கழற்றிக்கொண்டு போகிறவனை இது தடுக்காது, அங்கே என்கிரிப்ஷன்தான் காப்பு.

அந்த பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு போய்விடும் என்பது பழைய டெஸ்க்டாப்புக்குச் சரி, இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் நடக்காது. சர்வீஸ் சென்டருக்கு பில்லோடு போக வேண்டும், சில மாடல்களில் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். கடைக்கார அண்ணன் அதைக் கல்லாப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்திருக்கிறார். பாதுகாப்பு நிபுணர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.